மூச்சு வாங்காத ஊர்

முத்துப்பேச்சியின் தோளில் ஒட்டியிருந்த வில்லை பச்சையாகவே இருந்தது. டாக்டர் பிலோமினாவுக்கு அதுதான் பிடிக்கவில்லை.

திருநெல்வேலி உள்ளரங்கில் மகளிர் கபடி லீக்கின் அரையிறுதி ஆட்டம். உட்கார இடமில்லாமல் படிகளிலும் கூட்டம். முத்துப்பேச்சி தொடர்ந்து நான்காவது முறையாகப் பாடிப் போனாள். எதிரணிப் பெண்களின் வில்லைகள் மஞ்சளைத் தாண்டி ஆரஞ்சுக்கு வந்திருந்தன. ஒருத்தி இடுப்பில் கை வைத்து வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். இவளோ கடைவீதியில் சாமான் வாங்கப் போகிறவளைப் போல நிதானமாகப் போய், ஒருத்தியைத் தொட்டு, இன்னொருத்தியின் பிடியிலிருந்து நழுவி, பாட்டு அறுபடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்பினாள். அரங்கம் அதிர்ந்தது. வில்லை பச்சை.

ஓடினால் தசை அமிலம் கக்கும். அது ரத்தத்தில் ஏறினால் மூச்சு இரைக்கும், தொடை எரியும், போதும் நில் என்று கால் கெஞ்சும். எல்லா உடம்புக்கும் இதுதான் விதி. அந்த அமிலத்தின் ஏற்ற இறக்கத்தைத்தான் வில்லை நிறமாகக் காட்டும். சிவப்பு வந்தால் ஆட்டக்காரி வெளியே உட்கார்ந்துவிட வேண்டும்; ஆடி முடித்தும் பச்சையாகவே இருந்தால் சோதனைக்கு வர வேண்டும். லீக் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்ததற்குக் காரணம் இரண்டு சாவுகள். சிறுநீரக நோயாளிகளுக்காகச் செய்த ஒரு சிறு பை, விலா எலும்புக்குக் கீழே பொருத்திவிட்டால் ரத்தத்தில் சேரும் அமிலத்தை உறிஞ்சிக்கொள்ளும். அது கள்ளத்தனமாக விளையாட்டுக்குள் நுழைந்தது. செத்த இருவரில் ஒருத்தி மதுரையில் அதைப் பொருத்திக்கொண்டு ஆடினாள். கொஞ்சமும் இரைக்காமல் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தாள். குடிக்கவில்லை. அதற்குள் இதயம் நின்றுவிட்டது. பிலோமினா அப்போது பக்கத்து நாற்காலியில் இருந்தாள்.

இயல்பிலேயே அவள் சந்தேகப் பிறவி. பால் பாக்கெட்டை மோந்து பார்க்காமல் அடுப்பில் வைக்க மாட்டாள். கணவர் சாப்பிட்டுவிட்டேன் என்றால் கழுவாத தட்டைத் தேடுவாள். லீக்கின் மருத்துவச் சோதனை வேலைக்கு இந்தக் குணம் தோதாக அமைந்துவிட்டது.

ஆட்டம் முடிந்ததும் முத்துப்பேச்சியைச் சோதனை அறைக்கு அழைத்து வந்தாள். இருபது வயது. ஒல்லி. முழங்கால்கள் லேசாக வெளிப்பக்கம் வளைந்திருந்தன. நெற்றியில் வியர்வை இருந்தது, ஆனால் நெஞ்சு தூங்குகிறவளின் நெஞ்சைப் போல ஏறி இறங்கியது.

"மூச்சு வாங்கலையாம்மா?"

"இல்ல மேடம்."

"இவ்வளவு ஆடிட்டு ஒரு தடவைகூடவா?"

முத்துப்பேச்சி கொஞ்சம் யோசித்தாள். "மூச்சு வாங்குததுன்னா எப்படி இருக்கும் மேடம்?"

திமிர் என்றுதான் பிலோமினா நினைத்தாள். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கருவியில் வைத்தாள். காலையில் எழுந்து பல் விளக்காத ஆளின் ரத்தம் போலக் காட்டியது. வில்லையில் கோளாறு இல்லை என்பது நிச்சயமாயிற்று.

வாசலில் பயிற்சியாளர் பால்துரை நின்றிருந்தார். "சூளையில கல்லு சுமந்து வளந்த உடம்பு மேடம். அதான் அப்படி."

"கல்லு சுமந்தா மூச்சு வாங்காதா?"

"பழகிரும்லா," என்றார். பதில் கொஞ்சம் வேகமாக வந்தது. அவர் கையில் ஒரு வெள்ளை கேன் இருந்தது. பிலோமினாவின் பார்வை அதில் விழுந்ததும் அது மெல்ல அவருடைய முதுகுப் பக்கம் போனது.

மறுநாள் ஸ்கேன் எடுத்தார்கள். விலா எலும்புக்குக் கீழே பை இல்லை. வேறெங்கும் எதுவும் இல்லை. இரண்டு சிறுநீரகங்களிலும் சுண்ணாம்பு தெறித்தாற்போல வெள்ளைப் புள்ளிகள் மட்டும் இருந்தன. குழந்தையில் ஏதோ பெரிய நோய் வந்து போன தழும்பு. வேறு யாராக இருந்தாலும் பெண் சுத்தம் என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். பிலோமினாவுக்குச் சந்தேகம் இரட்டிப்பானது. கண்டுபிடிக்கவே முடியாத புதுச் சரக்கு ஒன்று வந்திருக்கிறது என்று முடிவு கட்டினாள்.

அணியின் மற்றப் பெண்களுடைய பழைய வில்லைப் பதிவுகளை இழுத்துப் பார்த்தாள். அணியில் சேர்ந்த புதிதில் எல்லோரும் ஒழுங்காக மஞ்சளும் சிவப்புமாக இருந்தார்கள். சில வாரங்களில் ஒவ்வொருத்தியாகப் பச்சைக்குச் சாய்ந்திருந்தாள். ஒரே ஒருத்தி மாறவில்லை. பால்துரையை உட்கார வைத்து, அந்தப் பெண்ணிடம் அப்படி என்ன வித்தியாசம் என்று கேட்டாள்.

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அவ பழையது சாப்பிட மாட்டா மேடம். சளி பிடிக்கும்பா."

"பழையதா?"

"பேச்சி அம்மா ஊர்லேர்ந்து நீச்சத்தண்ணி குடுத்து விடுதாவ. பழைய சோத்துத் தண்ணிதான். அதுல மோரு, உப்பு போட்டு எல்லாரும் குடிக்கோம். வெளிச் சாப்பாடு கூடாதுன்னு லீக்ல விதி இருக்குல்லா, அதான் கேனை மறைச்சேன். சத்தியமா வேற ஒண்ணும் தெரியாது."

பிலோமினா அவருடைய சத்தியத்தை நம்பவில்லை. கேனில் மிச்சமிருந்ததை ஒரு குப்பியில் ஊற்றி முத்திரை வைத்தாள். ஆய்வுக்கூடத்திலிருந்த தோழி இரண்டு நாள் கழித்து அழைத்தாள்.

"பிலோ, இதுல ஒரு பாக்டீரியா இருக்கு. மண்ணுல, தயிர்ல, மனுஷக் குடல்ல எங்கயும் கிடையாது. யாரோ உக்காந்து செஞ்சிருக்காங்க."

"என்ன செய்யும் அது?"

"அமிலத்தைத் தின்னும்."

அன்று மாலையே லீக் தலைவர் போன் செய்தார். "இறுதி ஆட்டத்துக்கு முன்னாடி முடிச்சிடுங்க டாக்டர். அந்தப் பொண்ணுக்குத் தடை, அவ்வளவுதான். ரொம்பத் தோண்ட வேணாம்."

தோண்ட வேண்டாம் என்று யாராவது சொன்னால் பிலோமினாவுக்குக் கை பரபரக்கும்.

யாரிடமும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு பொட்டல்குளத்துக்குப் போனாள். ஊருக்கு வெளியே செங்கல் சூளை. உச்சி வெயில். லாரிக்கு அடியில் நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு படுத்திருந்தது. பெண்கள் சும்மாடு வைத்த தலையில் சுடாத பச்சைக்கல் அடுக்கி, களத்துக்கும் சூளைக்குமாக வரிசையாகப் போய் வந்துகொண்டிருந்தார்கள். காரில் இருந்தபடியே பிலோமினா பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவோ சரியில்லை என்று பட்டது. என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. யாரும் நிற்கவில்லை. யாரும் பெருமூச்சு விடவில்லை. கல்லை இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஐம்பது வயதுக்காரியும் பதினெட்டு வயதுக்காரியும் ஒரே வேகத்தில் நடந்தார்கள். அத்தனை பேர் வேலை செய்யும் இடத்தில் இரைப்புச் சத்தமே இல்லை.

மேஸ்திரி குடையோடு வந்தார். அவருக்குத்தான் மூச்சு வாங்கியது. அவர் வெளியூர்க்காரர், ஓட்டல் சாப்பாடு.

"மத்தியானம் ஓய்வு கிடையாதா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் முன்னால இருந்துச்சு மேடம். யாரும் உக்கார்றதில்ல, எடுத்தாச்சு. களைச்சாத்தான உக்காரணும்?" பெருமையாகச் சிரித்தார். "மாவட்டத்துலயே இந்தச் சூளை மாதிரி எங்கயும் ஆள் கிடையாது. எங்க முதலாளி இன்னொரு சூளையும் போடப் போறாரு. ஆளு கூட்டல, இவங்களே போதும்."

நிழலுக்காகப் போட்டிருந்த கொட்டகையில் கூரை வரைக்கும் விறகு அடுக்கியிருந்தது.

முத்துப்பேச்சியின் அம்மா ஆவுடை தன் வீட்டு வாசலிலேயே பிலோமினாவை நிறுத்திவிட்டாள். உள்ளே கூப்பிடவில்லை.

"எம்புள்ளைய விளையாட விடாமப் பண்ண வந்தியளா?"

"அவ உடம்புல என்ன இருக்குன்னு தெரிஞ்சிக்க வந்தேன்."

"என்ன இருக்கு? ரத்தமும் சதையுந்தான் இருக்கு. கீழ இருந்து ஒருத்தி மேல வந்தா ஒங்களுக்குப் பொறுக்காதே."

பிலோமினா அந்த இடத்திலேயே நின்றாள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆவுடை பொறுக்கமாட்டாமல் உள்ளே போய் ஒரு செம்பில் பச்சைத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். பிலோமினா ஒரு கணம் அந்தச் செம்பையும் அதைப் பிடித்திருந்த விரல்களையும் பார்த்தாள். பிறகு குடித்தாள். வேண்டாம் என்றால் இந்தப் பெண் ஒரு வார்த்தை பேச மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

"அவளுக்குக் கைப்புள்ளையில சிறுநீரகத்துல நோய் இருந்துச்சா?"

ஆவுடையின் முகம் மாறியது. கேட்டது யாராக இருந்தாலும் சரி, அந்த நாட்களைப் பற்றி ஒருவர் கேட்டுவிட்டார் என்பதே அவளை இளக்கியதுபோல இருந்தது. படியில் உட்கார்ந்தாள்.

"தண்ணி தண்ணின்னு அழுவும். குடிச்சதெல்லாம் மூத்திரமாப் போயிரும். நெஞ்சு எந்நேரமும் நாய்க்கு மாதிரி இரைக்கும். நிக்கப் பழகுத வயசுல காலு ரெண்டும் வில்லா வளஞ்சு போச்சு. பொழைக்காதுன்னுட்டாவ. அப்பந்தான் பெரியாஸ்பத்திரியில ஒரு சாயபு டாக்டரு, புது மருந்து ஒண்ணு இருக்கு, சோதிச்சுப் பாக்கோம், சம்மதமான்னு கேட்டாவ. பால்ல சொட்டு சொட்டா விட்டாவ. பத்து நாள்ல எம்புள்ள சிரிச்சிச்சு." முந்தானையை இழுத்துச் செருகினாள். "அதுக்குப் பொறவு எனக்கும் களைப்புன்னு ஒண்ணு வாரதே இல்ல. புள்ள பொழைச்ச சந்தோஷம்னு நெனச்சேன்."

"ஊர்ல மத்தவங்களுக்கும் அப்படித்தானா?"

"பானையில சோறு புளிக்கலன்னா ஒறமோருக்கு மாதிரி எங்க வீட்டுப் பழைய தண்ணியத்தான் வாங்கிட்டுப் போவாவ. நல்லாப் புளிக்கும்னு." ஆவுடை எதிர்ச் சுவரைப் பார்த்தாள். "ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கல. எங்க மதினி கோமதி போன சித்திரையில செத்துப் போனா. கல்லு சுமந்துட்டே இருந்தா. முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லல. கல்ல எறக்கி வச்சா, உக்காந்தா, அப்படியே சாஞ்சிட்டா. டாக்டருக வெயிலுன்னு சொன்னாவ. இந்த வெயிலு எங்களுக்குப் புதுசா?"

பிலோமினாவுக்கு மதுரை பெஞ்சு கண் முன்னால் வந்தது.

பெரியாஸ்பத்திரியில் விசாரித்தபோது சாயபு டாக்டர் கடையநல்லூரில் இருப்பது தெரிந்தது. பெயர் ஹபீபுல்லா, வயது எண்பதுக்குப் பக்கம். கதவைத் திறந்தவரிடம் வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் முகத்தில் ஆச்சரியமே தெரியவில்லை. யாராவது ஒருநாள் வருவார்கள் என்று காத்திருந்தவர் போல, "உக்காருங்கம்மா, தேத்தண்ணி கொண்டு வாரேன்," என்று மாடிக்குப் போனார். அடுக்களை மாடியில் இருந்தது. அவர் மேலே போன வேகத்தையும், இரண்டு கோப்பைகளோடு இறங்கி வந்த வேகத்தையும் பிலோமினா கவனித்தாள்.

"உங்களுக்குத் தெரியாததில்ல," என்று ஆரம்பித்தார். "உடம்புல நாள் முழுக்க அமிலம் சேரும். கொஞ்சம் மூச்சு வழியாப் போயிரும், மிச்சத்தைச் சிறுநீரகம் வெளிய தள்ளும். அந்தக் குழந்தைக்கு அந்த வாசல் பிறவியிலேயே அடைச்சிருந்தது. வாசலை எங்களால திறக்க முடியல. உள்ளேயே அதைத் தின்னு தீர்க்கிற ஒரு உயிரைக் குடல்ல குடி வச்சோம். அது தின்னதை எரிபொருளா மாத்தித் திருப்பிக் குடுக்கும். செல்லுக்கெல்லாம் விடாமச் சக்தி போய்ட்டே இருக்கும்."

"அதனால களைப்பே வராது."

"களைப்பு வரும்மா. தெரியாது." அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "தண்ணி வத்தும், உப்பு நிலை மாறும், உடம்பு சூடேறும், இதயத்துக்குச் சுமை கூடும். எல்லாம் நடக்கும். போதும்னு சொல்ற மணியை மட்டும் நாங்க அறுத்துட்டோம்."

"பரவும்னு தெரியுமா உங்களுக்கு?"

"உடம்பை விட்டு வெளிய வந்தா செத்துப் போற மாதிரிதான் செஞ்சோம். பழைய சோத்துப் பானையை நாங்க யோசிக்கல. ஆஸ்பத்திரியில ரெண்டு நர்சுகளுக்குத் தொத்திக்கிட்டப்பதான் தெரிஞ்சது. பணம் போட்ட கம்பெனிக்காரங்ககிட்டச் சொன்னேன். பயப்படுவாங்கன்னு நெனச்சேன். அவங்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. எவ்வளவு சீக்கிரம் பரவுதுன்னு." கோப்பையை விரலால் தள்ளி வைத்தார். "அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கல. இருந்த குப்பியை எல்லாம் கொதிக்க வச்சு ஊத்திட்டு வேலையை விட்டுட்டேன். ஊர்ப்பக்கம் போனதும் தானா அழிஞ்சிருக்கும்னு என்னை நானே நம்ப வச்சுக்கிட்டேன்."

"அழிக்க வழி இருக்கா?"

"இருக்கு. அதை மட்டும் ஒழுங்காச் செஞ்சோம். மருந்துக் கடையில கிடைக்கிற சாதாரண மாத்திரை. ஒரு வாரம் சாப்பிட்டா மொத்தமாச் செத்துரும். அந்தப் பொண்ணு மட்டும் அதுக்கப்புறம் ஆயுசுக்கும் அமில முறிப்பு மருந்து குடிச்சாகணும். குடிச்சா நல்லா இருப்பா."

பிலோமினா எழுந்தாள். வாசல் வரை போனவள் திரும்பினாள். "உங்களுக்கும் இருக்கில்ல?"

அவர் மறுக்கவில்லை. "குழந்தைக்குக் குடுக்கிறதை நான் குடிச்சுப் பாக்காமக் குடுப்பேனா?"

"பிறகு ஏன் நீங்க மாத்திரை சாப்பிடல?"

ஹபீபுல்லா மாடிப்படியைப் பார்த்தார். "சாப்பிடணும்," என்றார். "சாப்பிடுறேன்."

மருந்துக் கடைக்காரன் சந்தேகமாகப் பார்க்கும் அளவுக்கு மாத்திரை வாங்கினாள் பிலோமினா. முதல் மாத்திரையைக் காரிலேயே தான் போட்டுக்கொண்டாள். ஆவுடையின் செம்பு மனதை விட்டுப் போகவில்லை.

விசாரணை மதுரையில், லீக் அலுவலகத்தில் நடந்தது. பிலோமினா எல்லாவற்றையும் சொன்னாள். பெண் ஏமாற்றவில்லை, அவளுக்கே தெரியாது, ஊரில் ஒரு சாவு நடந்திருக்கிறது, சுகாதாரத் துறைக்குச் சொல்ல வேண்டும். தலைவருக்குப் பக்கத்தில் சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். விளம்பரதாரர்கள் தரப்பு என்று அறிமுகம் செய்தார்கள். பெயர் சொல்லவில்லை. முத்துப்பேச்சியைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இறந்துபோன கோமதியைப் பற்றியும் கேட்கவில்லை.

"அந்தக் குப்பி இப்ப எங்க இருக்கு டாக்டர்?"

"என் பொறுப்புல."

"குளிர்லதானே வச்சிருக்கீங்க? உயிரோட இருக்கணும்."

பிலோமினா கைப்பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு நாள்ல ஒரு ஆளுக்குத் தொத்துது?" என்று அவர் அடுத்துக் கேட்டார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "சாரோட கம்பெனி வல்லுநர்கள் பரிசோதிக்கட்டும். நாளைக்குக் குப்பியை ஒப்படைச்சிடுங்க. அதுல நீங்க சொல்றது இருந்தா, பொண்ணு மேல தப்பில்லைன்னு நாங்களே அறிவிச்சிடறோம். இறுதி ஆட்டம் ஆடட்டும். எல்லாருக்கும் நல்லது."

"இல்லேன்னா?"

"ஆதாரம் இல்லாம நாங்க என்ன பண்ண முடியும்?"

திருநெல்வேலியில் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் முத்துப்பேச்சியை உட்கார வைத்துப் பிலோமினா எல்லாவற்றையும் சொன்னாள். மிச்சம் வைக்கவில்லை. அந்தப் பெண் தட்டிலிருந்த தோசையைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"குப்பிய அவங்ககிட்டக் குடுத்தா நான் ஆடலாம்."

"ஆடலாம்."

"குடுக்கலன்னா?"

"தடை. ரெண்டு வருஷமாவது இருக்கும்."

"என்னைய ஏமாத்துக்காரின்னு சொல்லுவாங்கள்லா?"

"சொல்லுவாங்க. நான் இல்லன்னு சொல்லுவேன். கையில ஆதாரம் இல்லாததால என்னை யாரும் நம்ப மாட்டாங்க."

முத்துப்பேச்சியின் கண் நிறைந்தது. கோபத்தில் தட்டைத் தள்ளினாள். "நான் என்ன மேடம் செஞ்சேன்? கைப்புள்ளையில எவரோ எதையோ வாயில ஊத்துனா அதுக்கு நானா பொறுப்பு?"

"நீ இல்ல."

"அந்தச் சட்டைக்காரன் அத வச்சு என்ன செய்வான்?"

"விப்பான். சூளைக்கு, மில்லுக்கு, கட்டட வேலைக்கு, எங்கெல்லாம் ஆள் களைச்சுப் போறாங்களோ அங்கெல்லாம். சத்துத் தண்ணின்னு பேரு போட்டுச் சும்மாகூடக் குடுப்பான். உங்க ஊர்ல மத்தியான ஓய்வை எடுத்த மாதிரி எல்லா ஊர்லயும் எடுத்துருவாங்க."

முத்துப்பேச்சி பின்னல் நுனியை விரலில் சுற்றினாள். பிறகு, "கோமதி அத்தை எனக்குத் தலை சீவி விடுவா," என்றாள். சம்பந்தமில்லாதது போலத்தான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கொதிக்க வச்சு ஊத்திருங்க மேடம்."

பிலோமினா அன்றே ஆய்வுக்கூடத்தில் அதைச் செய்தாள். தோழியிடமிருந்த மிச்சத்தையும் சேர்த்துக் கொதிக்கவிட்டாள். இத்தனை வருஷ வேலையில் ஒரு மாதிரியைக்கூட அவள் கெடுத்ததில்லை. அடுத்தவர் கெடுத்ததைக் கண்டுபிடித்துத்தான் பழக்கம். மறுநாள் தலைவரிடம், "குளிர்பெட்டி நின்னுபோச்சு சார், எல்லாம் வீணாயிருச்சு," என்று சொன்னபோது குரல் நடுங்கவில்லை. சரி என்றுகூடச் சொல்லாமல் அவர் போனை வைத்துவிட்டார். அவர் நம்பவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அந்த வாரமே முத்துப்பேச்சிக்கு இரண்டு வருஷத் தடை அறிவித்தார்கள். பத்திரிகைகள் படத்தோடு போட்டன. பிலோமினாவுக்கும் வேலை போயிற்று.

அணிப் பெண்களும் பால்துரையும் மறுபேச்சில்லாமல் மாத்திரையைப் போட்டுக்கொண்டார்கள். பொட்டல்குளத்தில் அதைக் கொடுப்பது லேசாக இல்லை. ஆவுடை பையைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு கேட்டாள்: "இதத் தின்னா களைப்பு வருமா?"

"வரும்."

"மேலு வலிக்குமா?"

"ராத்திரி படுத்தா நல்லா வலிக்கும்."

"வலிக்கதுக்கா மாத்திரை?" என்று கூட்டத்தில் ஒருத்தி சிரித்தாள். யாரும் கூடச் சிரிக்கவில்லை. ஆவுடை ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "கோமதிக்கு வலிச்சிருந்தா உக்காந்திருப்பா," என்றாள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பானைகளை எல்லாம் வெந்நீர் ஊற்றிக் கழுவி வெயிலில் கவிழ்த்தார்கள்.

ஒரு வாரம் கழித்து ஒரு மத்தியானம் சூளையில் ஒருத்தி கல்லை இறக்கி வைத்துவிட்டு லாரி நிழலில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இன்னொருத்தி. பிறகு வரிசை முழுவதும். மேஸ்திரி குடையை வீசிவிட்டு ஓடி வந்து கத்தினார். "என்னாச்சு எல்லாருக்கும்? எந்திரிங்க!"

"முடியல மேஸ்திரி," என்றாள் ஆவுடை. நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. முகம் சிவந்து வியர்வை கொட்டியது. "கொட்டகையில வெறகை எடுக்கச் சொல்லுங்க. நெழல்ல உக்காரணும்."

வேறு ஊரிலிருந்து ஆள் கொண்டுவருவேன் என்றார். கொண்டுவந்தார். அவர்களும் மத்தியானத்தில் களைத்து உட்கார்ந்தார்கள். கடைசியில் கொட்டகையிலிருந்து விறகு வெளியே போயிற்று.

முத்துப்பேச்சிக்கு அடுத்த மாதத்துக்கான அமில முறிப்பு மருந்தை எடுத்துக்கொண்டு பிலோமினா ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனாள். குளத்தங்கரை ஓரத்துப் பொட்டலில் ஊர்ப் பெண்கள் கபடி ஆடிக்கொண்டிருந்தார்கள். யார் தோளிலும் வில்லை இல்லை. கரைமேல் கறுப்புக் கண்ணாடி ஏற்றிய ஒரு கார் நின்றது. நேற்றிலிருந்தே அங்கே நிற்கிறது என்று ஆவுடை சொன்னாள். நேற்று அதிலிருந்து இறங்கிய ஒருவர், வீட்டுப் பழைய சோற்றுத் தண்ணீர் கிடைக்குமா, நல்ல விலை தருகிறேன் என்று வீடு வீடாகக் கேட்டாராம். பானையெல்லாம் புதுசு, இன்னும் புளிக்கவில்லை என்று பெண்கள் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஹபீபுல்லா மாத்திரை சாப்பிட்டாரா என்று பிலோமினாவுக்குத் தெரியாது. போனில் கேட்டபோது சாப்பிட்டுவிட்டேன் என்றார். அவள் நம்பவில்லை. இந்தக் கார் அடுத்தபடியாக எந்த ஊருக்குப் போகும் என்ற கவலை அவளுக்கு இருந்தது.

முத்துப்பேச்சி பாடிப் போனாள். அதே நிதானம், அதே நழுவல். ஒருத்தியைத் தொட்டுவிட்டாள். திரும்பும்போது இரண்டு பேர் இடுப்பைப் பிடித்தார்கள். இழுத்தாள். இழுத்துக்கொண்டே பாடினாள். பாட்டு மெலிந்தது, தேய்ந்தது, நடுக்கோடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அறுந்துவிட்டது. அவள் மண்ணில் கவிழ்ந்து, வாயைப் பிளந்துகொண்டு, கரையில் போட்ட மீனைப் போலக் காற்றை விழுங்கினாள். பிடித்தவர்களும் அவள்மேல் சரிந்து கிடந்து இரைத்தார்கள்.

கார்க் கண்ணாடி இறங்கியிருந்தது. உள்ளேயிருந்து ஒருவர் அந்தப் பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். ஆட்டம் பார்க்கிற பார்வை இல்லை அது. பிறகு கண்ணாடி ஏறியது. கார் கிளம்பிக் கரையோடு போய் மறைந்தது.

முத்துப்பேச்சி முழங்காலில் கை ஊன்றி எழுந்து தள்ளாடிக்கொண்டு பிலோமினாவிடம் வந்தாள். கண்ணில் பயமும் சிரிப்பும் சேர்ந்து இருந்தன. நெஞ்சைப் பொத்திக்கொண்டாள்.

"மேடம்... இது... நிக்கவே மாட்டேங்கு..."

"நிக்கும்," என்றாள் பிலோமினா. "உக்காரு."

அவள் உட்கார்ந்தாள்.